ஏறலாமா, பை பிடிக்கலாமா?

பாறசாலைப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களிலிருந்து கொச்சிக்குப் போகும் டூர் பஸ் பெரும்பாலும் ராத்திரியில்தான் கிளம்பும். பிள்ளைகள் ஆலப்புழை தாண்டும்வரை பாட்டுப் போட்டு ஆடுவார்கள், அதற்குப் பிறகும் தூங்கமாட்டார்கள். விடிந்ததும் ஏதாவது ஓட்டலில் பல் தேய்த்து, பாதிப் பேர் சாப்பிட்டும் பாதிப் பேர் சாப்பிடாமலும் பள்ளிக்கரையில் வண்டர்லா பூங்கா வாசலில் போய் நிற்பார்கள். உள்ளே நுழைந்த அரைமணி நேரத்தில் கூட்டம் தானாக இரண்டாகப் பிரிந்துவிடும். ஒரு கூட்டம் ரைடுகளில் ஏறுகிறது. இன்னொரு கூட்டம் கீழே நின்று மற்றவர்களின் பை, செருப்பு, போன், கண்ணாடி எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டிருக்கிறது.

யார் ஏறுவது, யார் பை பிடிப்பது என்பதை எங்கள் ஊர்ப்பக்கம் ஒரே ஒரு அளவுகோல்தான் தீர்மானிக்கிறது: பேடி. பயந்தவன் பேடித்தொண்டன், அவன் கீழே நிற்பான். பயமில்லாதவன் மேலே போவான். இந்த அளவுகோல் தவறு என்று சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். ஐம்பத்தெட்டு வயதில் ரத்த அழுத்த மாத்திரையை விட்டுவிட்டு நடக்கிற மாமாவுக்குப் பேடி கிடையாது, அவர் முன்வரிசையில் ஏறிவிடுவார். உடம்பில் ஒரு குறையும் இல்லாத மாமி ஆயுள் முழுக்கப் பை பிடிப்பார். உண்மையில் இருவரும் இடம் மாறியிருக்க வேண்டும்.

பயம் எதை அளக்கிறது? உயரத்தையும் சத்தத்தையும்தான். ஆபத்தோ வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது: ஒன்று அந்த எந்திரத்தின் நிலைமை, இன்னொன்று உங்கள் உடம்பின் நிலைமை. முதலாவதைக் கவனிக்க வேண்டிய ஆட்கள் வேறு. இரண்டாவது உங்களுக்கு மட்டுமே தெரியும். வாசலில் நிற்கிற பையன் கையில் இருப்பது உயரம் அளக்கும் கோல்தான், அதை வைத்து உங்கள் இதய வால்வை அளக்க முடியாது.

முதலில் உடம்பைப் பார்ப்போம்.

வேகமாகச் சரிந்து, வளைவின் அடியில் திரும்பி மேலேறும் ரோலர் கோஸ்டரில் உங்கள் எடை சில நொடிகளுக்குக் கூடுகிறது. பெரிய கோஸ்டர்களில் நாலு மடங்கு வரை போவது சாதாரணம். அறுபது கிலோ ஆள் அந்த நொடியில் இருநூற்று நாற்பது கிலோ. தொடைக்கும் இடுப்புக்கும் இது பெரிய விஷயமில்லை, இருக்கை தாங்கிக்கொள்ளும். கழுத்துதான் பாவம். நம் தலை ஏறக்குறைய ஐந்து கிலோ, அது இருபது கிலோவாகிவிடும். சந்தைக்குக் கட்டுச் சுமந்த பாட்டிகளுக்கு இருபது கிலோ ஒன்றுமே இல்லை. ஆனால் அவர்கள் தலையை நேராக வைத்து, பார்த்துப் பார்த்து நடந்தவர்கள். இங்கே அந்தச் சுமை ஒரு நொடியில் வருகிறது, அடுத்த நொடியில் போகிறது, அதற்கடுத்த நொடியில் பக்கவாட்டில் இழுக்கிறது. கழுத்து எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள், முதுகுத் தட்டு விலகியவர்கள், எலும்பு மெலிந்துபோன வயதானவர்கள் இந்த வகையில் ஏறக்கூடாது என்பதற்குக் காரணம் இதுதான்.

ஜப்பானில் ஃபுஜி மலை அடிவாரத்தில் ஃபுஜி-க்யூ ஹைலேண்ட் என்று ஒரு பூங்கா. அங்கே ஓடிய டோ-டோடொன்பா என்ற கோஸ்டர் 1.56 நொடியில் மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது. நல்ல தொழில்நுட்பமும் கறாரான பராமரிப்பும் உள்ள நாடு அது. இருந்தும் 2020 கடைசியிலிருந்து 2021 ஆகஸ்ட் வரைக்கும் பலர் கழுத்தெலும்பும் முதுகெலும்பும் முறிந்ததாகப் புகார் கொடுத்தார்கள். ஓட்டத்தை நிறுத்தினார்கள், 2024 மார்ச்சில் ஒரேயடியாக மூடியே விட்டார்கள். யாரும் தூக்கி எறியப்படவில்லை, எதுவும் உடைந்து விழவில்லை. பெல்ட்டும் கம்பியும் சரியாகவே இருந்தன. அப்படியிருந்தும் எலும்பு முறிந்தது. எந்திரம் நன்றாக இருந்தால் போதும் என்று நினைப்பவர்கள் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும்.

டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் இது பல பெற்றோருக்குத் தெரியாது. அவர்களில் சிலருக்குக் கழுத்தின் மேலிரண்டு எலும்புகளைப் பிடித்திருக்கும் நார் தளர்ந்திருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. குலுக்கலில் அந்த எலும்பு நழுவினால் தண்டுவடத்தை நசுக்கும். மருத்துவரிடம் கழுத்தைக் காட்டிக் கேட்ட பிறகே குலுக்குகிற ரைடுக்கு அழைத்துப் போகவேண்டும். நாள்பட்ட முடக்குவாதம் உள்ளவர்களுக்கும் கழுத்தில் இதே தளர்ச்சி வரலாம்.

இனி இதயம். ஜெர்மனியில் மன்ஹைம் பல்கலைக்கழக மருத்துவர்கள் நல்ல ஆரோக்கியமுள்ள 55 பேருக்கு இதயத் துடிப்பைப் பதியும் கருவியைக் கட்டி, எக்ஸ்பெடிஷன் ஜி-ஃபோர்ஸ் என்ற கோஸ்டரில் ஏற்றினார்கள். அது 62 மீட்டர் உயரமும் மணிக்கு 120 கிலோமீட்டர் வேகமும் கொண்டது. ஏறும் முன் நிமிடத்துக்குச் சராசரி 91 ஆக இருந்த துடிப்பு, ஓட்டத்தில் 153 ஆனது. அந்த 55 பேரும் ஓடவில்லை, சுமை தூக்கவில்லை, உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார்கள். தடதடவென்று படியேறிய அளவுக்கு இதயம் வேலை செய்திருக்கிறது. படியேறும்போதாவது துடிப்பு படிப்படியாகக் கூடும், மூச்சு வாங்கினால் நின்றுகொள்ளலாம். இங்கே நடுவில் நிற்க வழியில்லை. ஆரோக்கியமான இதயத்துக்கு இதனால் ஒரு கேடும் இல்லை என்பதும், ரத்த அழுத்தம் அதிகமுள்ளவர்கள், மாரடைப்பு வந்தவர்கள், பேஸ்மேக்கர் வைத்தவர்கள் தவிர்ப்பது நல்லது என்பதும் அந்த மருத்துவர்களின் முடிவு.

வீட்டில் ரத்த அழுத்தம் பார்க்காத ஆள் இருந்தால், டூருக்கு முந்தின வாரம் பார்த்துவிடுங்கள். நெய்யாற்றின்கரை ஜெனரல் ஆசுபத்திரியிலோ பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ ஐந்து நிமிட வேலை. மாத்திரை சாப்பிட்டு அழுத்தம் கட்டுக்குள் இருப்பவர் வேறு, கட்டுக்குள் இல்லாதவர் வேறு. முதல் ஆள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போகலாம். இரண்டாவது ஆள் கீழே நின்று பை பிடிக்க வேண்டியவர். மாத்திரை சாப்பிடுவதையே ஊருக்கு மறைக்கிறவர்கள் உண்டு. அவர்கள் பிள்ளைகள் முன்னால் வீரம் காட்ட ஏறிவிடுவார்கள்.

எங்கள் பகுதிக்கே உரிய ஒரு விஷயம் உண்டு. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் ஆசுபத்திரி பக்கத்தில் இருப்பதால், இந்த ஊர்களில் இதய வால்வு மாற்றிக்கொண்டவர்களை அங்கங்கே பார்க்கலாம். சித்ரா வால்வு அங்கேயே உருவானது, 1990 டிசம்பரில் முதன்முதலாக மனிதருக்குப் பொருத்தப்பட்டது. இப்படி உலோக வால்வு வைத்தவர்கள் ரத்தம் உறையாமல் இருக்க ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிடவேண்டும். பல வருடம் ஆனதும் ஆபரேஷன் நடந்ததே மறந்துபோகும், நடப்பார்கள், தோட்ட வேலை செய்வார்கள், ‘எனக்கு ஒண்ணுமில்ல’ என்பார்கள். இதயம் தாங்கும் என்றே வைத்துக்கொள்வோம். தலை குலுங்கி உள்ளே ஒரு சிறு ரத்தக்குழாய் கிழிந்தால், மற்றவர்களுக்குத் தானாக அடைபட்டுவிடும். ரத்தம் எளிதில் உறையாத இவர்களுக்கு அது சீக்கிரம் நிற்காது. ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடும் யாருமே, வால்வு ஆனாலும் பக்கவாதம் ஆனாலும் காலில் ரத்தக்கட்டு ஆனாலும், குலுக்குகிற ரைடில் ஏறக்கூடாது. பூங்கா அறிவிப்புப் பலகையில் ‘இதய நோயாளிகள்’ என்று எழுதியிருக்கும். அதைப் படிக்கும்போது இவர்கள் தங்களை அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்வதில்லை.

இளவயதுக்காரர்களிடம் கேட்கவேண்டிய கேள்விகள் வேறு. விளையாடும்போதோ திடுக்கிட்டபோதோ எப்போதாவது மயங்கி விழுந்தது உண்டா? குடும்பத்தில் நாற்பது வயதுக்குள் காரணம் தெரியாமல் திடீரென இறந்தவர்கள் உண்டா? இரண்டில் எதற்காவது ‘உண்டு’ என்று பதில் வந்தால், டூர் போகும் முன் ஒரு ஈ.சி.ஜி.யும் எக்கோவும் எடுத்துவிடுவது நல்லது. இதயத் தசை தடித்துப்போவது, இதயத்தின் மின்னோட்டத்தில் பிழை இருப்பது போன்ற பரம்பரைக் கோளாறுகள் இருபது வயதுப் பையனிடம் ஒரு அறிகுறியும் காட்டாமல் இருக்கும். ‘அவனுக்க மாமன் வயலில நின்னு அப்படியே சரிஞ்சு போயிட்டாரு, பாவம்’ என்று கதையாகச் சொல்வோமே தவிர, அதை மருத்துவரிடம் சொல்லமாட்டோம்.

கர்ப்பிணிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, எல்லோருக்கும் தெரியும். ஆனால் மாதவிடாய் தள்ளிப்போய் இன்னும் உறுதியாகாத நிலையில் இருப்பவர்களும் அந்தக் கணக்கில்தான். அண்மையில் கண்புரை ஆபரேஷன் செய்தவர்கள், விழித்திரைக்குச் சிகிச்சை எடுத்தவர்கள், கண்ணாடியின் பவர் மிக அதிகமாக உள்ளவர்கள் கண் மருத்துவரிடம் கேட்கவேண்டும். வலிப்பு உள்ளவர்களுக்குக் குலுக்கலைவிட ராத்திரித் தூக்கம் கெட்டதும் மாத்திரை தவறியதும்தான் முதல் எதிரி. டூர் பஸ் இரண்டுக்கும் வழி செய்துவிடுகிறது.

தலைகறக்கத்துக்கு வருவோம். நம்மில் அதிகம் பேர் அவதிப்படுவது இதில்தான், உயிருக்கு ஆபத்து மிகக் குறைந்ததும் இதுதான். உள்காதில் ஒரு திரவம் இருக்கிறது. நீங்கள் சுற்றும்போது அதுவும் சுற்றத் தொடங்கும், நீங்கள் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் அது நிற்காது. கண் ‘நின்றுவிட்டோம்’ என்கிறது, காது ‘இல்லை, சுற்றுகிறோம்’ என்கிறது. இந்தச் சண்டையில் வயிறு புரளுகிறது. மலைப்பாதை பஸ்ஸில் வாந்தி எடுப்பவர்கள், உயரத்திலிருந்து விழும் ரைடைக்கூடச் சமாளித்துவிடலாம், ஒரே இடத்தில் சுற்றுகிற ரைடில் ஏறினால் அன்றைய பொழுது போச்சு. பஸ் வாந்திக்குச் சாப்பிடுகிற மாத்திரைகள் சில தூக்கத்தைக் கொடுக்கும், அந்த அரைத்தூக்கத்தில் தண்ணீர்ச் சறுக்கில் இறங்குவது சரியில்லை. பட்டினி கிடந்தாலும் வயிறு புரளும், புரோட்டாவும் பீஃபும் முட்ட அடித்தாலும் புரளும். இரண்டு இட்டலி போதும்.

இங்கே ஒரு சந்தோஷமான செய்தியும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் இரண்டு மருத்துவர்கள், டிஸ்னி பூங்காவின் பிக் தண்டர் மவுண்டன் ரயிலில் ஏறிய நோயாளிகள் சிறுநீரகக் கல் விழுந்துவிட்டதாகச் சொன்னதைக் கேட்டு, சிலிக்கானில் ஒரு சிறுநீரகம் செய்து, கல்லையும் போட்டு, பையில் வைத்து அதே ரயிலில் திரும்பத் திரும்பப் போனார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்தபோது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கற்கள் நகர்ந்து வெளியேறின, முன்வரிசையில் ஆறில் ஒன்றுதான். 2018ல் அவர்களுக்கு இக் நோபல் பரிசு கிடைத்தது. கல் உள்ளவர்கள் இதைப் படித்து உடனே கொச்சிக்கு வண்டி ஏறவேண்டாம். ஒரே ரைடில் கடைசி இருக்கையும் முன் இருக்கையும் உடம்பை ஒரே மாதிரி குலுக்குவதில்லை என்பதற்காகச் சொன்னேன். முதல்முறை ஏறுபவர் நடுவில் உட்காரலாம்.

இனி எந்திரம்.

எங்கள் பிள்ளைகள் முதலில் ஏறும் ரைடு வண்டர்லாவிலோ வெம்பாயம் ஹேப்பிலேண்டிலோ இருப்பதில்லை. குழித்துறை வாவுபலிப் பொருட்காட்சியிலும், பெருநாள் மைதானத்திலும், உற்சவப் பறம்பிலும்தான் இருக்கிறது. 1956 நவம்பர் 1ஆம் தேதி மாநில எல்லைக்கோடு போட்டபோது விளவங்கோடு அந்தப் பக்கமும் நெய்யாற்றின்கரை இந்தப் பக்கமும் போயின. திருவிழாக் கூட்டத்துக்கு அந்தக் கோடு ஒருநாளும் தெரிந்ததில்லை. ஆகாசத் தொட்டிலும், கப்பல் ஊஞ்சலும், மரணக்கிணறும் லாரியில் வரும், நாலு நாளில் நிமிரும், இருபது நாள் சுற்றும், பிறகு கழற்றி அடுத்த ஊருக்குப் போகும்.

அந்தக் ‘கழற்றி மாட்டுவது’தான் விஷயம். பெரிய பூங்காவின் கோஸ்டர் ஒரே அஸ்திவாரத்தில் நிற்கிறது, தினமும் காலையில் ஆளில்லாமல் ஓட்டிப் பார்ப்பார்கள், கம்பி சரியாகப் பூட்டவில்லை என்றால் வண்டி கிளம்பாதபடி செய்திருப்பார்கள். பொருட்காட்சி ராட்டினத்தின் ஒவ்வொரு ஆணியும் வருடத்தில் பலமுறை கழன்று பலமுறை மாட்டப்படுகிறது. நிலம் மாறுகிறது, வேலை செய்கிற பையன்கள் மாறுகிறார்கள். வாவுபலி ஆடி அமாவாசையை ஒட்டி வருகிறது, அதாவது தென்மேற்குப் பருவமழை இன்னும் ஓயாத நேரம். ராட்டினத்தின் கால்களுக்குக் கீழே மரக்கட்டைகளை அடுக்கி மட்டம் பார்த்திருப்பார்கள். மூன்று நாள் மழையில் மண் இளகினால் ஒரு பக்கம் அமிழும். நேற்று நேராக நின்றது இன்று சாய்ந்திருக்கும். ஜெனரேட்டர் வயர் சேற்றில் கிடக்கும்.

என் கணிப்பைச் சொல்கிறேன்: அறுபதடி ராட்டினத்தைவிட ஒழுங்காகப் பராமரிக்கப்படும் நூற்றைம்பதடி கோஸ்டரை நான் நம்புவேன், அது பார்க்க எவ்வளவு கொடூரமாக இருந்தாலும். அதற்காக நிரந்தரப் பூங்கா என்றாலே கண்ணை மூடிக்கொண்டு ஏறலாம் என்பதில்லை. 2012ல் சென்னைக்கு அருகே ஈ.வி.பி. பூங்காவில் ஆக்டோபஸ் ரைடிலிருந்து விழுந்து ஒரு இளம்பெண் இறந்தார். 2016 மே மாதம் தாம்பரம் கிஷ்கிந்தாவில் ஊழியர்களையே ஏற்றி ஒரு ரைடைச் சோதித்தபோது அது சரிந்து ஒருவர் இறந்தார், பலர் காயமடைந்தார்கள். 2019 ஜூலை 14ஆம் தேதி அகமதாபாத் காங்கரியா ஏரிப் பூங்காவில் ஊசல்போல ஆடும் ரைடின் கை முறிந்து விழுந்து இரண்டு பேர் இறந்தார்கள். 2025 ஏப்ரலில் டெல்லி கபஷேராவில் ரோலர் கோஸ்டரிலிருந்து விழுந்து 24 வயதுப் பெண் இறந்தார்.

2025 மே 27 அன்று சென்னை வி.ஜி.பி. பூங்காவில் நடந்ததை இவற்றோடு சேர்க்கக்கூடாது. முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் உயரத்தில் மாட்டிக்கொண்டார்கள், தீயணைப்புப் படை ஸ்கைலிஃப்ட் கொண்டுவந்து இறக்கும்வரை சுமார் மூன்று மணி நேரம் தொங்கினார்கள். டிவியில் பார்த்து ஊரே பதறியது. ஆனால் ரைடு நடுவில் நின்றுபோவது என்பது வேறு, விழுவது என்பது வேறு. ஏதோ கோளாறு என்றால் பல எந்திரங்கள் நிற்கும்படிதான் செய்யப்பட்டிருக்கும். நின்றால் நல்லது. அங்கே கேட்கவேண்டிய கேள்வி, நின்றபிறகு ஆட்களை இறக்குவதற்குச் சொந்தமாக ஒரு வழி வைத்திருந்தார்களா என்பதுதான்.

நடமாடும் ராட்டினத்துக்குக் கேரளம் கொடுத்த விலை பெரியது. 2016 செப்டம்பரில், ஓணத்தை ஒட்டி, பத்தனம்திட்டா மாவட்டம் சிற்றாரில் ராட்டினத் தொட்டிலிலிருந்து ஐந்து வயதுப் பையன் விழுந்து இறந்தான், அவனுடைய அக்காவும் பிழைக்கவில்லை. கேரளத்துக்கு வெளியிலும் நடந்தது: 2022 செப்டம்பரில் மொஹாலி மைதானத்தில் மேலிருந்து இறங்கும் கோபுர ரைடு பிடிப்பில்லாமல் தரையில் மோதியது. எங்கள் பக்கத்திலேயே 2024 கிறிஸ்துமஸ் ராத்திரி, பூவாறு அருகே திருப்புறம் திருவிழாவில் தண்ணீர்க் காட்சி பார்க்கப் போட்டிருந்த தற்காலிகப் பாலம் கூட்டம் ஏறியதும் உடைந்து இருபது பேர் அளவில் காயமடைந்தார்கள். அது ரைடுகூட இல்லை, வெறும் நடைபாலம். தற்காலிகமாக நிற்கிற எதுவானாலும் இத்தனை பேர்தான் ஏறலாம் என்ற கணக்கு வேண்டும், அந்தக் கணக்கைச் சொல்லித் தடுக்க ஒரு ஆள் வேண்டும்.

இன்ஜினீயரிங் படிக்காத நாம் டிக்கெட் எடுக்கும் முன் என்ன பார்க்க முடியும்? கொஞ்சம் பார்க்க முடியும். முதலில் இரண்டு சுற்று நின்று வேடிக்கை பாருங்கள். பூட்டுகிற பையன் ஒவ்வொருவர் கம்பியையும் கையால் இழுத்துப் பார்க்கிறானா, அல்லது தூரத்திலிருந்து கைகாட்டிவிட்டுப் பொத்தானை அமுக்குகிறானா? தொட்டிலின் கதவுக்குக் கொக்கி இருக்கிறதா, கயிறு கட்டியிருக்கிறதா? கொக்கியின் முள் இல்லாத இடத்தில் கம்பி வளைத்துச் செருகியிருந்தால் அங்கேயே திரும்பிவிடலாம். கால்கள் நிற்கும் கட்டைகளைப் பாருங்கள். சுற்றும்போது ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ‘டக்’கென்று சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். உயரம் குறைவான பிள்ளையை ‘பரவாயில்ல, அம்மா மடியில வெச்சுக்கட்டும்’ என்று ஏற்றுகிற இடத்தில் மற்ற விதிகளும் அப்படித்தான் இருக்கும். ரைடுகளின் பாதுகாப்புக்கு இந்தியத் தரநிர்ணய அமைவனத்தின் 15475 என்ற தரமே இருக்கிறது. பஞ்சாயத்தோ நகராட்சியோ அனுமதி கொடுத்த தாளையும் தகுதிச் சான்றையும் காட்டச் சொல்லித் திருவிழாக் கமிட்டிக்காரரிடம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கேட்டால் முறைப்பார்கள். கேளுங்கள்.

உயரக்கோல் எதற்கு என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பிள்ளைக்குத் தைரியம் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக அது வைக்கப்படவில்லை. தொடைமேல் வரும் கம்பியும் தோள்மேல் இறங்கும் கவசமும் பெரிய உடம்பின் எலும்பைப் பிடிக்கும்படி செய்யப்பட்டவை. சின்ன உடம்பு அதற்குள்ளே வழுகும். காலணியில் அட்டை வைத்து உயரம் காட்டுகிற வேலையைப் பெற்றோரே செய்து பார்த்திருக்கிறேன். பருத்த உடம்புக்கும் இதே கதைதான், தலைகீழாக. கம்பி வயிற்றில் முட்டி நின்றுவிடும், தொடையைத் தொடாது. அமெரிக்காவின் ஆர்லாண்டோவில் 2022 மார்ச்சில் உயரக் கோபுரத்திலிருந்து இறங்கும் ரைடில் 14 வயதுப் பையன் இருக்கையிலிருந்து நழுவி விழுந்து இறந்தான். தயாரித்தவர்கள் வகுத்த எடை வரம்பு சுமார் 130 கிலோ, அவன் 170 கிலோவுக்கு மேல். கவசம் முழுதாக இறங்காமலே பூட்டியதாகக் காட்டும்படி அந்த இருக்கையின் சென்சாரைத் திருத்தி வைத்திருந்தார்கள். ‘உங்க சைஸுக்கு இது பூட்டாது சார்’ என்று ஒரு ஊழியர் சொன்னால் கோபப்படவேண்டாம். அவர் உங்கள் உயிரைக் காப்பாற்றுகிறார்.

துப்பட்டாவையும் நீளமுடியையும் மறந்துவிடாதீர்கள். கோ-கார்ட் வண்டி தரையோடு தரையாகப் போவதால் யாருக்கும் பேடி வராது. 2018ல் ஹரியானா பிஞ்சூரிலும் 2020ல் ஹைதராபாத்திலும் சக்கரத்தில் முடி சிக்கி இரண்டு பெண்கள் இறந்தது அந்த வண்டியில்தான்.

தண்ணீர். இந்த விஷயத்தில் எங்கள் தாலுகாவுக்கு நேரடி அனுபவம் உண்டு. 2024 ஜூலை, ஆகஸ்டில் நெய்யாற்றின்கரை கண்ணறவிளைப் பகுதியில் குளத்தில் குளித்த ஒரு இளைஞர் அமீபா மூளைக்காய்ச்சல் வந்து இறந்தார். அதே குளத்தில் குளித்த வேறு சிலருக்கும் நோய் கண்டது. சீக்கிரம் கண்டுபிடித்ததால் திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜில் அவர்கள் பிழைத்தார்கள். அடுத்த ஆண்டு ஆக்குளத்தில் நீச்சல் குளம் ஒன்றையே மூடவேண்டி வந்தது. அந்த அமீபா தண்ணீரைக் குடிப்பதால் வருவதில்லை, மூக்கு வழியாக மேலே ஏறினால்தான் வருகிறது. தண்ணீர்ச் சறுக்கு என்பது வேகமாக வந்து குளத்தில் விழுந்து மூக்கில் தண்ணீர் ஏற்றுவதற்கென்றே செய்த மாதிரியான சாதனம். நீரில் போதுமான குளோரின் இருந்தால் இந்தப் பிரச்சினை இல்லை. ஆகவே கண் எரிகிறதே என்று குளோரினைத் திட்டாதீர்கள். தண்ணீர் கலங்கலாக, அடியில் இருக்கும் டைல்ஸ் தெரியாமல் இருந்தால் இறங்கவேண்டாம். சந்தேகம் இருந்தால் மூக்குக் கிளிப் போட்டுக்கொள்ளலாம், விலை மிகக் குறைவு. திருவிழாவுக்காக நாலு நாளில் கட்டுகிற ரெடிமேட் தண்ணீர்த் தொட்டிகளில் பிள்ளைகளை இறக்குவதை நான் ஒப்புக்கொள்வதில்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டுச் சாலையைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். 2022 அக்டோபர் 5ஆம் தேதி ராத்திரி வடக்கஞ்சேரியில், முளந்துருத்தியிலிருந்து ஊட்டிக்குப் புறப்பட்ட பள்ளி டூர் பஸ் மணிக்குத் தொண்ணூறு கிலோமீட்டருக்கு மேல் பறந்து அரசு பஸ்ஸின் பின்னால் மோதி ஒன்பது பேர் இறந்தார்கள், அதில் ஐந்து பேர் மாணவர்கள். கோஸ்டரைக் கண்டு பயப்படுகிற பெற்றோர் ஓட்டுநர் எத்தனை மணி நேரம் தூங்கினார் என்று கேட்பதில்லை.

கடைசியாக, இறங்கிய பிறகு. ஜப்பானில் 24 வயதுப் பெண் ஒருவர் ஒரே நாளில் பல பெரிய கோஸ்டர்களில் ஏறினார். தலைவலி தொடங்கியது, நாட்கணக்கில் போகவில்லை. ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவில் ரத்தம் கசிந்திருந்தது. தலை எதிலும் இடிக்கவில்லை, குலுங்கியது அவ்வளவே. 2000ல் ஒரு நரம்பியல் இதழில் அவரைப் பற்றிய குறிப்பு வந்தது. இது மிக அரிது. ஆனால் ரைடுக்குப் போன பிள்ளை வீட்டுக்கு வந்த பிறகு விடாத தலைவலி, வாந்தி, கழுத்தின் ஒரு பக்கம் புதிதாக வலி, ஒரு கைகால் மரத்துப்போவது, பேச்சுக் குழறுவது என்று ஏதாவது இருந்தால், வெயில் பட்டதாலும் தூக்கமில்லாததாலும்தான் என்று விட்டுவிடக்கூடாது. தண்ணீரில் விளையாடி வந்து பன்னிரண்டு நாளுக்குள் காய்ச்சலும் கடும் தலைவலியும் கழுத்து விறைப்பும் வந்தாலும் அப்படித்தான். பாறசாலை தாலுகா ஆசுபத்திரியோ நெய்யாற்றின்கரையோ, எங்கே போனாலும் சீட்டு எழுதும் டாக்டர் கேட்கும் முன்பே நீங்கள் சொல்லிவிடுங்கள்: “டாக்டரே, இவன் போன சனிக்கிழமை கொச்சிக்குப் போய் ரைடில ஏறினான், மூக்கில தண்ணியும் ஏறிச்சு.”